கோடையிடி உணர்த்தும் உபதேசம்

சிவமயம்

சைவ வித்தியாசாலைகளிலே கல்விப்பணி புரியும் மெய்யன்பர்களே!

சிவபெருமானுடைய திருவருளை உணர்தற்கு ஆகமங்களும் திருமுறைகளும் கருவியாதல் போல, அவருடைய ஆணையால் இயங்குகின்ற இவ்வுலகமும் ஒரு கருவியாம். எழுத்தறியாத சிறுவனுக்கும் வானம் ஒரு விரிந்த ஏடு. ஞாயிறும் திங்களும் அவ்வேட்டிலே அமைதியாய் அமைந்த எழுத்துக்கள். அவற்றை நாடோறுங் கண்டும் நாம் வாசியாது விடுகின்றோம். இடியும் மின்னலுமோ வாசியாது விடுதற்கியலாத எழுத்துக்கள். ஆயினும் அவற்றைப் பிழைபட வாசித்தல் எளிது. பிழைபட வாசித்ததனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் அதனினும் எளிது. அப்பிழை யாது, அதன் திருத்தம் யாது என்பதே இன்று நாம் சிந்திக்கப் புகுந்த பொருள்.

யாழ்ப்பாணத்து வீடொன்றிலே சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றை மனத்தின்கட் கொள்ளுங்கள். வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் எழாத இடைக்காலம் அது. நம் ஈழநாட்டிலே இடிமின்னல் மிகுவதும், அதனால் உயிர்ச்சேதம் மிகுவதும் இக்காலத்தும், ஐப்பசியை ஒட்டி வரும் மற்றை இடைக்காலத்துமே. காலை தொடங்கி ஓலையும் அசைந்திலது. நிலம் கொதிக்கின்றது. கிணற்றிலே நீர் ஆழத்துக்குப் போயிற்று. முற்றத்துப் பாயிலே மிளகாயும் ஒடியலும் காய்கின்றன. மூன்று மணியளவில் அடிவானத்தில் வெண்முகிலொன்று எழுகின்றது. அது பார்த்துக்கொண்டிருக்கவே கோபுரம் போல உயர்ந்து, அடிப்புறங் கறுத்து, ஞாயிற்றை மறைக்கின்றது. திடீரெனக் குளிர்காற்றொன்று வேலியைத் தாண்டிப் பாய்கின்றது. படலை தானே திறந்து மூடுகின்றது. புழுதி எழுகின்றது, மாம்பிஞ்சுகள் உதிர்கின்றன, கொட்டிலிற் கட்டிய கன்று கதறுகின்றது. வீட்டிலுள்ளார் காயவிட்டவற்றை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகின்றனர். பெருந்துளிகள் புழுதியில் விழுந்து மண்மணம் எழுந்த அவ்வளவிலே, வீடு முழுதும் ஒருகணம் வெளிறுகின்றது. அடுத்து, கூரையும் சுவரும் நெஞ்சும் ஒருங்கே அதிர முழங்குகின்றது இடி.

மின்விளக்கு அவிந்துவிட்டது. மழை தகரத்தின்மேல் விழுகின்ற ஓசையிலே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. தோட்டத்துக்குப் போன தந்தையார் இன்னும் மீண்டிலர். தாயார் வாயிலையே நோக்கி நிற்கின்றார். பாட்டியார் சுவாமிப்படத்தின் முன் இருந்து அருச்சுனன் பெயர்களைச் சொல்கின்றார். காளைப்பருவத்து மகனோ, கைத்தொலைபேசியை ஏந்தி, மின்னலைப் படம்பிடிக்கத் தலைவாயிலிலே நின்று சிரிக்கின்றான். கடைக்குட்டிச் சிறுமி பாட்டியாரின் சேலைத்தலைப்பிற் புகுந்துகொண்டு வினாவுகின்றாள்: "கடவுள் யாரிடத்திற் கோபங்கொண்டார்?"

உபாத்தியாயர்களே, இவ்வினாவே நமக்கு உரியது. அன்றிரவு வீட்டிலே விடை பெறாத குழந்தை மறுநாட் காலையில் அதே வினாவோடு உங்கள் வகுப்பிலே வந்து அமரும். அது வாய்திறந்து கேட்பினும் கேளாவிடினும், அதன் நெஞ்சிலே அவ்வினா இருக்கும். நீங்கள் யாது விடை கூறுவீர்கள்?

இரண்டு விடைகள் உலகிலே வழங்குகின்றன. "ஆம், கடவுள் கோபங்கொண்டார், பாவஞ் செய்தவர் தலையிலே இடி விழும்" என்பது ஒன்று. "கடவுளுமில்லை, கோபமுமில்லை, இது முகிலிலே பிறக்கும் மின்சாரம், வேறொன்றுமன்று" என்பது மற்றொன்று. முன்னையது குழந்தையை அச்சத்திற்கு அடிமையாக்கும். பின்னையது வியப்பை அறுத்துவிடும். இரண்டும் சைவசித்தாந்தத்துக்கு ஏலாதன என்பதை முறையே காட்டுவாம்.

முதற்கண் இயற்கைக் காரணத்தை மறையாது கூறல் வேண்டும். கோடை வெம்மையால் ஈரவளி விரைந்து மேலெழுகின்றது. முகிலின் உயரத்திலே நீர் உறைந்து நுண்ணிய பனித்துகள்களும் சிற்றாலங்கட்டிகளுமாகி, ஒன்றோடொன்று மோதுதலால் மின்னேற்றம் பிரிகின்றது. பெரும்பாலும் மேற்புறத்தில் நேரேற்றமும் கீழ்ப்புறத்தில் மறையேற்றமும் திரள்கின்றன. வளி மின்னை எளிதிற் கடத்தாது. ஏற்றம் மிக மிக, ஓரெல்லையில் அத்தடை உடைந்து மின்னல் பாய்கின்றது. அது சென்ற வழியிலுள்ள வளி ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறும். ஞாயிற்றின் புறப்பரப்பிலுள்ள வெம்மையினும் இஃது ஐந்து மடங்கு. அவ்வெம்மையால் வளி வெடித்து விரிதலே இடியோசை. ஒளி உடனே கண்ணை எட்ட, ஒலியோ ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் கொள்கின்றது. ஆதலின் மின்னலைக் கண்டபின் எண்ணத்தொடங்கி, இடி கேட்டவுடன் நிறுத்தி, எண்ணிய செக்கனை மூன்றாற் பிரிக்கின், இடி எத்தனை கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளதெனச் சிறுவரும் அறிவர். 1752 ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்கிளின் பட்டம் விட்டுப் பரீட்சித்து, முகிலின் மின்னும் கருவிகளாற் பிறப்பிக்கும் மின்னும் ஒரு தன்மையன எனக் காட்டினார்.

இவற்றைக் கற்பித்தலாற் சமயத்துக்கு யாது குறை? ஒரு குறையுமில்லை. குடமொன்று உண்டாதற்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்தகாரணம் எனச் சித்தாந்த நூல்கள் கூறுமாறு நீங்கள் அறிவீர்கள். மண்ணின் தன்மையையும் சக்கரத்தின் சுழற்சியையும் நுணுகி ஆராய்ந்தவன், "ஆதலாற் குயவன் இல்லை" என முடிவு கட்டின், அறிவுடையோர் நகுவர். அவ்வாறே "குயவன் இருக்கின்றான், ஆதலால் மண்ணைப்பற்றி வினாவற்க" எனப் பிள்ளையின் வாயை அடைப்பவனும் நகைக்கப்படுவான். மின்னேற்றமும் பனித்துகளும் மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள். சடம் தானே ஒழுங்குபட நில்லாது. அதனை ஒழுங்கில் நிறுத்தும் பேரறிவு ஒன்று உண்டென்பதே நம் துணிபு. விஞ்ஞானம் அவ்வொழுங்கை விரித்துரைக்குந்தோறும், சைவனுடைய வியப்பு விரிதல் வேண்டுமேயன்றிச் சுருங்குதல் கூடாது.

இவ்வுண்மையைக் கேனோபநிடதம் ஒரு கதையாற் கூறுகின்றது. தேவர்கள் போரில் வென்று, "இவ்வெற்றி எம்முடையதே" எனச் செருக்கினர். அப்பொழுது அவர்முன் ஓர் யட்சம் தோன்றிற்று. அஃது இன்னதென அறியச் சென்ற அக்கினியின்முன் அது ஒரு துரும்பை இட்டு, "இதனை எரி" என்றது. அக்கினியால் எரிக்க இயலவில்லை. வாயுவை நோக்கி, "இதனை அசை" என்றது. வாயுவால் அசைக்க இயலவில்லை. ஈற்றில் இந்திரன் சென்றபோது அது மறைந்தது. அவ்விடத்திலே உமாதேவியார் தோன்றி, "வெற்றி பிரமத்தினுடையதே" என அவனுக்கு உணர்த்தியருளினார். அவ்வுபநிடதமே, பிரமம் விளங்குதலுக்கு மின்னல் விளங்குதலை உவமையாகக் காட்டுகின்றது.

கோடைப்புயலிலே நம் கண்முன் நிற்பவர் அம்மூவருமன்றோ? கூரையைப் பெயர்ப்பது வாயு. பனையைக் கருக்குவது அக்கினி. முகிலை ஊர்ந்து முழங்குபவன் இந்திரன். மூவரும் பேராற்றலுடையர் போலத் தோன்றினும், ஆணையின்றி ஒரு துரும்பையும் அசைக்கமாட்டாதவர். ஆதலின் நாம் வணங்கற்பாலது இடியையன்று, இடியை இயக்குவோனை. அருச்சுனன் பெயரைச் சொல்லும் பாட்டியாரை எள்ளற்க. அது முன்னோர் வழிவந்த பழக்கம், அச்சத்தின்கண் ஒரு துணை நாடுதல். ஆயினும் அவ்வருச்சுனனே பாசுபதம் வேண்டித் தவங்கிடந்தது சிவபெருமானிடத்தன்றோ? அவன் வணங்கிய திருவடியை நாமும் வணங்கி, திருவைந்தெழுத்தை ஓதுதல் அதனினுஞ் சிறப்பெனக் குழந்தைக்கு இனிமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, "கடவுள் கோபங்கொண்டார்" என்னும் விடையை ஆராய்வாம். இதுவே பெருந்தீங்கு விளைப்பது. கோடையிடியிலே தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் நும் வகுப்பிலே பின்வரிசையில் இருப்பதாக எண்ணுங்கள். முன்வரிசைப் பிள்ளை, "பாவிகளின் தலையிலே இடி விழும் என்று வீட்டிலே சொன்னார்கள்" எனக் கூறுகின்றது. வகுப்பு முழுதும் திரும்பி அவனை நோக்குகின்றது. அவ்வேளையில் உபாத்தியாயர் வாளாவிருப்பின், அவ்வாளாவிருத்தலே தீர்ப்பாகிவிடும். அச்சிறுவன் தந்தையை ஒருமுறை இழந்தவன். அன்று தந்தையின் நற்பெயரையும் இழப்பான். அதனோடு, சிவபெருமான் தன் தந்தையைக் கொன்ற பகைவர் என்னும் எண்ணமும் அவன் நெஞ்சில் வேரூன்றும். இடி ஒரு வீட்டைச் சுட்டது ஒரு கணம். இச்சொல் ஒரு பிள்ளையைச் சுடுவது ஆயுள்முழுதும்.

"வினைப்பயனைச் சைவம் உடன்படுகின்றதன்றோ? ஆகவே இடியாலிறந்தவன் தன் வினையால் இறந்தான் எனல் பிழையாமோ?" என ஒருவர் கடாவலாம். கூறுதும். வினை உண்டென்பது சாத்திரம். எனினும் இன்னாருக்கு இன்ன வினையால் இது வந்ததெனக் கூறுதற்கு யாருக்கு அதிகாரம்? எண்ணிறந்த பிறவிகளின் வினைக்கணக்கை அறிபவன் முற்றறிவுடைய பதி ஒருவனே. பாசத்தாற் கட்டுண்ட சிற்றறிவுடைய பசுக்களாகிய நாம், நேற்று நாம் செய்ததன் பயனையே இன்று அறியமாட்டேம். அயலான் முற்பிறப்பிற் செய்ததனை எங்ஙனம் அறிவேம்? வினைக்கொள்கை தன்னைத்தான் திருத்திக்கொள்ளுதற்கு அருளப்பட்டது. அயலானைத் தூற்றுதற்கு அருளப்பட்டதன்று. தனக்குத் துன்பம் வந்தபோது, "இது என் வினை" எனப் பொறுப்பவன் சைவன். பிறனுக்குத் துன்பம் வந்தபோது, "இஃது உன் வினை" என நிற்பவன் அக்கொள்கையைத் தலைகீழாய்ப் பிடித்தவன். பிறன் துன்பத்தின்முன் நமக்கு உரிய தொழில் ஒன்றே, அஃது உதவி.

இடியானது தண்டனையை உரைக்கவில்லையெனின், வேறு யாதை உரைக்கின்றது? இதற்கு விடை பிருகதாரணியகோபநிடதத்திலே உளது. தேவர், மனிதர், அசுரர் என்னும் மூவகையாரும் தம் தந்தையாகிய பிரசாபதியிடத்திலே பிரமசரியங் காத்து வதிந்து, ஈற்றில் உபதேசம் வேண்டினர். அவர் மூவகையாருக்கும் "த" என்னும் ஓரெழுத்தையே உரைத்தார். தேவர் அதனைத் தமம், அஃதாவது அடக்கம் எனக் கொண்டனர். மனிதர் தானம் எனக் கொண்டனர். அசுரர் தயை எனக் கொண்டனர். மூவரும் சரியாகவே உணர்ந்தனர் எனப் பிரசாபதி உடன்பட்டார். வானத்திலே முழங்கும் இடி இன்றும் அவ்வெழுத்தையே மும்முறை கூறி, அம்மூன்றையும் நமக்கு நினைப்பூட்டுகின்றது என்பது அவ்வுபநிடதத்தின் கருத்து. வேதம் இடியிற் கேட்டது வசையையன்று, உபதேசத்தை என்பதைக் கவனியுங்கள். அவ்வுபதேசம் மூன்றனையும் கோடையிடி முழங்கும் வீட்டிலே வைத்து நோக்குவாம்.

முதலாவது அடக்கம். ஓர் இடிமுழக்கம் மனிதனுடைய செருக்கைப் போக்குவது போல வேறொன்று போக்காது. பெருஞ்செல்வனுடைய மாடிவீட்டிலும் ஏழையுடைய ஓலைக்குடிலிலும் ஒரே கணத்தில் விளக்கு அவிகின்றது. சாதியும் பதவியும் அவ்விருளிலே புலப்படா. தன் கையால் ஒரு பொத்தானை அமுக்கி ஒளியும் காற்றும் குளிரும் பெற்றிருந்தவன், அவ்வாற்றல் தனதன்று என்பதை அப்போது உணர்கின்றான். திருப்புன்கூரிலே மழை மறுத்தபோது மழை பெய்தற்குப் பன்னிரண்டு வேலி நிலமும், பெய்த மழை நில்லாது பெருகியபோது அது நிற்றற்கு மீட்டும் பன்னிரண்டு வேலி நிலமும் இறைவருக்கு அளிக்கப்பட்ட செய்தியைச் சுந்தரமூர்த்திநாயனார் தம் திருப்பதிகத்திலே எடுத்தோதுகின்றார். வருதலும் நிற்றலும் நம் கையில் இல்லை என்பதே அதன் தாற்பரியம். அடக்கம் இங்கே தோன்றுகின்றது.

இரண்டாவது ஈகை. இந்திரன் கையிலுள்ள வச்சிராயுதம் எதனாற் செய்யப்பட்டது? ததீசி முனிவருடைய முதுகெலும்பினால் என்பது புராணம். அம்முனிவரை நம் நாட்டார் நன்கறிவர். கந்தபுராணத்துத் தக்ககாண்டத்திலே, தக்கனுடைய வேள்விச்சாலையிற் புகுந்து சிவபரத்துவத்தை அஞ்சாது எடுத்துரைத்தவர் அவரே. கோயில்தோறும் புராணபடனத்திலே அவ்வாதத்தைக் கேட்டு வளர்ந்தது இந்நாடு. விருத்திராசுரனால் உலகம் வருந்தியபோது, தேவர்கள் வேண்ட, அவர் தம் உடம்பையே உதவினார். அவ்வெலும்பே வச்சிரமாயிற்று. ஆகவே இடி என்று நாம் அஞ்சுகின்ற படை, ஒரு சிவனடியாருடைய கொடையிலிருந்து பிறந்தது. இடியோசை கேட்குந்தோறும், "உலகுக்காகத் தன் எலும்பையும் கொடுத்தான் ஒருவன், நீ யாது கொடுத்தாய்?" என்னும் வினாவாகவே அதனைக் கேட்டல் வேண்டும். தருதலிலே வானமும் குறைவைப்பதில்லை. மின்னல் வளியிலுள்ள நைதரசனைப் பிற வாயுவோடு கூட்ட, அக்கூட்டு மழைநீரிற் கரைந்து நிலத்துக்கு உரமாகின்றது. சுண்ணக்கல் நிலமாகிய நம் குடாநாட்டிலே பெருநதி இல்லை. மழைநீரே நிலத்துட் சுவறிக் கிணறுகளிற் சுரக்கின்றது. அஞ்சத்தக்க முகிலே நம் கிணற்றை நிறைக்கின்றது.

மூன்றாவது இரக்கம். மழை விட்டபின் செய்யத்தக்கது இது. நம் கூரை நின்றதெனக் கண்டு மகிழ்ந்து, கதவைச் சாத்தி உறங்குதல் சைவனுக்கு அழகன்று. அயலிலே தனித்திருக்கும் முதியவர் எப்படியிருக்கின்றார்? ஓலை பறந்த குடிலிலே குழந்தையோடிருக்கும் தாய் எங்கே உறங்குவாள்? களப்பிலே வலைவீசப் போனவன் மீண்டானா? புறப்பட்டுப் போய் வினாவுதல் வேண்டும். சிலர், இடி விழுந்த வீட்டைத் தீட்டுப்பட்ட வீடென ஒதுக்குவர். அஃது அறியாமை. அன்று அயலவர் விளக்கோடும் உணவோடும் முந்திச் செல்லவேண்டிய வீடு அதுவே.

இம்மூன்றையும் ஒருங்கே காட்டும் திருவுருவம் நம்மிடத்திலே உண்டு. அது நடராசமூர்த்தம். அம்மூர்த்தத்தின் வலக்கரமொன்றிலே துடி; இடக்கரமொன்றிலே தீ. துடி முழங்குகின்றது, தீ ஒளிர்கின்றது. கோடைப்புயலிலும் நாம் காண்பன அம்முழக்கமும் அத்தீயுமே. ஆனால் அம்மூர்த்தத்துக்கு அவ்விரண்டு கரங்கள் மாத்திரமா உள்ளன? மற்றொரு வலக்கரம் அஞ்சேல் என அமைந்திருக்கின்றது. வேறொரு கரம் தூக்கிய திருவடியை, உயிர்கள் அடைக்கலம் புகுமிடமாகச் சுட்டுகின்றது. இரண்டு கரங்களை மாத்திரங் கண்டவன் நடுங்குவான். நான்கினையும் கண்டவன் வணங்குவான். பிள்ளைகளுக்கு நான்கினையும் காட்டுதலே உபாத்தியாயருடைய கடமை.

திருஞானசம்பந்தமூர்த்திநாயனார் திருவையாற்றைப் பாடிய பதிகமொன்றிலே, அடியார் வழிபடும் அவ்வூரின் முழவோசையை இடியென எண்ணி, மந்திகள் சில மருண்டு, மரத்தின்மேல் ஏறி முகிலைப் பார்த்த காட்சியைக் காட்டுகின்றார். வழிபாட்டின் முழவை இடியென மயங்கியது மந்தியின் அறிவு. இடியையே அவன் திருக்கூத்தின் முழவெனத் தெளிதல் அடியாருடைய அறிவு. பிள்ளையை மந்தியின் நிலையினின்றும் அடியாரின் நிலைக்கு உயர்த்துதற்கே சைவ வித்தியாசாலை ஏற்பட்டது.

இனி, தலைவாயிலில் நின்று சிரிக்கும் இளைஞனையும் மறத்தலாகாது. "நான் அஞ்சேன்" என்கின்றான் அவன். அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்பது திருவள்ளுவர் துணிபு. திருநாவுக்கரசுநாயனார் கொல்யானையின்முன் விடப்பட்டபோதும் அஞ்சாது பதிகம் பாடினார். யானை வலம்வந்து வணங்கிற்று. உண்மை. ஆனால் அவர் யானையைத் தேடிப் போயினாரல்லர். பல்லவன் ஏவலாளராற் கொணர்ந்து விடப்பட்டார். தாமே சென்று ஆபத்தில் நின்று, "சிவன் காப்பான்" என்பது பத்தியன்று, இறைவனைப் பரீட்சித்தல். இவ்வுடம்பு திருவருளை உணர்தற்குக் கருவியாகத் தரப்பட்டது. திருமூலநாயனாரும் உடம்பைப் பேணுதலை உயர்த்திக் கூறினார். ஆகவே இடிமின்னற் காலத்துக் காவலைக் கற்பித்தலும் சமயபாடத்தின் ஒரு பகுதி என்றே கொள்ளுங்கள்.

பத்தி மிகுந்தும் அறிவு குறைந்தால் யாதாகும் என்பதற்கு ஐரோப்பியர் சரித்திரம் ஒரு சான்று. கோயில்மணியை அடித்தால் இடி விலகும் எனப் பல நூற்றாண்டாக அவர் நம்பினர். உயர்ந்த கோபுரத்தின்கீழ் மணிக்கயிற்றைப் பற்றிநின்றவர் பலர் மின்னல் தாக்கி மாண்டனர். அவர்களை இகழற்க, அறியாமை எந்நாட்டார்க்கும் பொது. நம்மிடையேயும், கோபுரத்துக் கலசமே ஊரை இடியினின்று காக்கும் கருவி எனச் சிலர் மேடைகளிற் பேசுகின்றனர். மின்னைத் தாங்குங் கருவி, கனத்த உலோகத்தால் நிலத்தோடு இணைக்கப்பட்டாலன்றிப் பயன்படாது. கலசத்தின் பெருமை கும்பாபிடேகத்தால் வருவது. அதற்கு இல்லாத தொழிலொன்றை ஏற்றிப் பெருமை தேடுதல் வேண்டா. பொய்யைத் தூணாக நிறுத்திச் சமயத்தைத் தாங்கப் புகுந்தால், தூண் முறியும்நாளிலே பிள்ளையின் நம்பிக்கையும் உடன் முறியும்.

ஆதலின் மாணாக்கருக்கு இவற்றைச் சொல்லுங்கள். மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் இடி கேட்பின், வெளியிலே நிற்றலாகாது. கட்டடத்துள்ளே புகுதல் வேண்டும். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழியும்வரை வெளியே செல்லற்க. தனிப்பனையின் கீழும் தனிமரத்தின் கீழும் ஒதுங்கற்க. வயல்வெளியிலும் விளையாட்டுவெளியிலும் களப்பிலும் நில்லற்க. சுவரில்லாத கொட்டில் காவலாகாது. வீட்டினுள்ளும் கதவருகிலும் யன்னலருகிலும் நில்லாது, நீர்க்குழாயைத் தொடாது, குளியாது இருத்தல் வேண்டும். மின்கருவிகளின் இணைப்பை முகில் திரளும்போதே கழற்றிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்தபின் அவற்றைத் தொடற்க.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மின்னல் தாக்கியவனைத் தொட்டால் தொட்டவனையும் மின் தாக்கும் எனப் பலர் எண்ணி விலகி நிற்கின்றனர். இது முழுப்பொய். அவனுடம்பில் மின் தங்கியிருப்பதில்லை. மூச்சும் இதயமும் நின்றுபோனவனையும், உடனே மார்பை அழுத்தியும் மூச்சூதியும் உதவி செய்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றாற் பிழைப்பிக்கக் கூடும். தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் உயிரை இழப்பிக்கும். "பாவத்தால் விழுந்தான்" என எண்ணும் ஊரிலே அவனைத் தொட ஒருவரும் முன்வரார். "இவனும் சிவபெருமானுடைய பிள்ளை" என எண்ணும் ஊரிலே பத்துக்கைகள் அவனைத் தூக்கும். இடியைப்பற்றிய நம் கொள்கை ஏட்டுக்கொள்கையன்று. அஃது உயிரொன்றைக் காப்பதும் கைவிடுவதுமாகிய கொள்கை என்பதை இதனால் அறிந்துகொள்ளுங்கள். வசதியுள்ள உபாத்தியாயர்கள் இம்முதலுதவியைத் தாம் முறையாகப் பயின்று மேல்வகுப்பு மாணாக்கருக்கும் பயிற்றுவிப்பாராக.

இனி, "கடவுள் யாரிடத்திற் கோபங்கொண்டார்?" என்று கேட்ட குழந்தைக்கு விடை கூறுவாம். "குழந்தாய், கடவுள் ஒருவரிடத்திலுங் கோபங்கொண்டிலர். வெப்பத்தால் முகில் எழுந்தது. முகிலில் மின் பிறந்தது. மின்னால் இடி பிறந்தது. இவையெல்லாம் அவர் வகுத்த ஒழுங்கு. இடி முழங்கும்போது அடங்கியிரு, உள்ளதைப் பகிர்ந்து கொடு, துன்பப்பட்டாரிடத்து இரங்கு. வெளியே போகாதே, எங்களோடிரு. சிவசிவ என்று சொல். அவருக்குத் துடி பிடித்த கை ஒன்றுண்டு. அஞ்சேல் என்று காட்டும் கையும் உண்டு." இவ்வளவே போதும். ஏழு வயதுப் பிள்ளையும் இதனை உணரும். எழுபது வயதினரும் இதற்குமேல் உணரவேண்டுவது அதிகமில்லை.

உபாத்தியாய அன்பர்களே! அடுத்த கோடையிடி நுங்கள் கிராமத்தின்மேல் முழங்கும்போது, நீங்கள் கற்பித்த பிள்ளைகள் நூறு வீடுகளிலே இருப்பர். அவ்வீடுகளிலே விளக்கு அவியும். அவ்விருளிலே நடுங்கும் தம்பியைத் தன்னருகே இருத்தி ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் தமக்கை ஒருத்தியும், வாயிலில் நின்ற அண்ணனை உள்ளே அழைக்கும் தங்கை ஒருத்தியும், மழை விட்டவுடன் இடி விழுந்த வீட்டை நோக்கி ஓடும் மாணாக்கன் ஒருவனும் இருப்பாராயின், நுங்கள் வகுப்பிலே சமயபாடம் நன்றாக நடந்ததென்று கொள்ளலாம். அத்தகைய பிள்ளைகளை நம் நாட்டிலே பெருக்கும் பணியிலே நும்மைச் செலுத்துமாறு எல்லாம்வல்ல சிவபெருமானுடைய திருவடிகளைச் சிந்தித்து வந்திப்பாம்.

திருச்சிற்றம்பலம்.